ஒரே படம், இரண்டு தீர்ப்பு



படம் முடிகிறது, விளக்கு எரிகிறது. அருகருகே அமர்ந்து பார்த்த இருவர் எழுந்து வருகிறார்கள். ஒருவர், "இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை" என்று மகிழ்கிறார். மற்றவர், "காசுக்குப் பிடித்த கேடு" என்று சலித்துக்கொள்கிறார். இருவர் கண்ணும் கண்டது ஒரே காட்சிதான். அப்படியிருக்கக் கருத்து மட்டும் ஏன் வடக்கும் தெற்குமாகப் போகிறது? இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

இதை விளக்க ஏற்ற படம் ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஃப்ரம் டஸ்க் டில் டான்' என்ற படம் அது. 'அந்தி முதல் விடியல் வரை' என்று பொருள். திரைக்கதையை எழுதியவர் குவென்டின் டாரன்டினோ; இயக்கியவர் இராபர்ட் ரோட்ரிகஸ். ஜார்ஜ் குளூனி, ஹார்வி கைட்டல், ஜூலியட் லூயிஸ், சல்மா ஹாயெக் ஆகியோருடன் டாரன்டினோவும் நடித்தார். ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம், அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 2 கோடியே 58 லட்சம் டாலர் வசூலித்தது. அது பெரிய வெற்றி அன்று. ஆனால் ஒரு கூட்டம் இந்தப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. வீடியோவில் வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தது. பின்னர் வீடியோவுக்கென்றே மேலும் இரண்டு படங்கள் தயாராயின. 2014 முதல் 2016 வரை தொலைக்காட்சித் தொடராகவும் இக்கதை வந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெக்கோ சகோதரர்கள் இருவர் வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு மெக்சிகோ எல்லையை நோக்கி ஓடுகிறார்கள். வழியில் கொலைகள் நடக்கின்றன. வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண்மணியைப் பிணையாகக் கொண்டுவருகிறார்கள். அண்ணன் வெளியே போயிருந்த வேளையில் தம்பி அவளைக் கொன்றுவிடுகிறான். பிறகு ஒரு பாதிரியாரையும் அவருடைய மகளையும் மகனையும் மிரட்டி, அவர்களுடைய வண்டியிலேயே எல்லையைக் கடக்கிறார்கள். அக்கரையில் ஒரு மதுக்கூடம். அது திறந்திருக்கும் நேரம் அந்தி முதல் விடியல் வரை. விடியும்வரை அங்கே காத்திருந்து கூட்டாளியைச் சந்திப்பது திட்டம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படிக் குற்றக் கதையாகவே ஓடுகிறது படம். திடீரென்று அந்த மதுக்கூடத்தில் ஆடிய பெண்ணும் பரிமாறிய ஆட்களும் இரத்தக் காட்டேரிகளாக மாறிப் பாய்கிறார்கள். அதன்பின் திருடன், பாதிரியார், பிள்ளைகள் எல்லாரும் ஒரே அணி. விடியும்வரை உயிர் பிழைக்க வேண்டும் என்பதே கதை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் படத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. இங்கே ஒரே அடுப்பில் இரண்டு பானை வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்களின் கருத்தும் அதனால்தான் பிரிந்தது.

முதல் சாரார் சொல்வது: "முதற்பாதி பிரமாதம். அண்ணன் தம்பி இருவருடைய குணமும், பாதிரியாரின் துயரமும் நன்றாக எழுதப்பட்டிருந்தன. காட்டேரி வந்ததும் எல்லாம் பாழ்." இரண்டாம் சாரார் இதை அப்படியே திருப்பிப் போடுகிறார்கள்: "முதற்பாதி நீளம், காட்டேரி வந்த பிறகுதான் படம் பிடித்தது" என்பது அவர்கள் வாதம். மூன்றாம் சாராரோ, "அந்தத் திருப்பமே படத்தின் உயிர். கதை எங்கே போகும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிற காலத்தில், தெரியாமல் ஒரு கதைக்குள் விழுவது இன்பம்" என்கிறார்கள்.

இந்த மூன்றையும் கூர்ந்து பாருங்கள். படம் நன்றாக எடுக்கப்பட்டதா இல்லையா என்பதைவிட, தாம் எதை எதிர்பார்த்து உட்கார்ந்தோம் என்பதையே பெரும்பாலோர் சொல்கிறார்கள். விருந்துக்கு வா என்று அழைத்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் இலையை மாற்றினால் சிலர் கோபிப்பார்கள். சிலர் ஆவலோடு புது இலையைப் பார்ப்பார்கள்.

இப்படி நடுவழியில் தடம் மாறிய படம் முன்பும் உண்டு. 1960இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்தில், ஒரு பெண் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். அவளுடைய கதை என்று நம்பி நாம் பின்தொடரும்போது, நடுவிலேயே அவள் கொல்லப்படுகிறாள். அந்த அதிர்ச்சி கெடக்கூடாது என்பதற்காக, படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடவேண்டாம் என்று திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார் ஹிட்ச்காக்.

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும் படம் ஒன்றையும் இதனோடு ஒப்பிடலாம். 1957இல் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படத்தை வெளியிட்டது. நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் கேரளத்தைச் சேர்ந்த பி. என். ராவ். படம் பெரும் வெற்றி பெற்றது. தொடர்ந்து மேலும் இரண்டு பொந்தியானாக் படங்களை அதே நிறுவனம் எடுத்தது. அங்கே பெயரிலேயே பேய் இருந்தது. பயப்படுவதற்கென்றே போனவர்கள் பயந்து திரும்பினார்கள். இலையை மாற்றிவிட்டார்கள் என்று வருந்த அங்கே இடமில்லை.

இனி, இதைவிட முக்கியமான ஒரு செய்திக்கு வருவோம். இந்த அமெரிக்கப் படத்தில் உண்மையில் நம்மை அச்சுறுத்துவது எது?

காட்டேரிகளைப் பார்த்து உடல் நடுங்குகிறவர்கள் குறைவு. அவற்றின் உடலிலிருந்து பல இடங்களில் பச்சை நிறக் குருதி கொட்டுகிறது, தலை உருள்கிறது, பார்ப்பவர் கூவிச் சிரிக்கிறார்கள். அது விளையாட்டு என்று மனம் அறிந்துகொள்கிறது. ஆனால் முற்பாதியில் அந்த வங்கிப் பெண்மணி கொல்லப்படுவதைப் படம் நேரே காட்டுவதில்லை. அறைக்குள் வந்த அண்ணன் கண்டதை ஒரு மின்வெட்டுப்போல் காட்டி மறைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணத்தில் சிரிப்பவர் இல்லை. காட்டேரி உலகில் இல்லை. அந்தத் தம்பியைப் போன்றவன் இருக்கக்கூடும் என்பதை நாம் அறிவோம். மனிதன் செய்யும் கொடுமையே பேய் செய்யும் கொடுமையைவிடக் கொடியது என்பதை இந்தப் படம் தன்னை அறியாமலே காட்டிவிடுகிறது.

இதற்கு எதிரான பக்கமும் இருக்கிறது. மனைவியை இழந்து, இறைநம்பிக்கையையும் இழந்து, திருப்பணியை விட்டு விலகியவர் அந்தப் பாதிரியார். கண்ணெதிரே தீய சக்தியைக் கண்டபின், தீமை மெய்யென்றால் நன்மையும் மெய்யாகத்தானே இருக்கவேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. பிள்ளைகளைக் காக்க அவர் மீண்டும் நிமிர்ந்து நிற்கிறார். இதைக் கவனித்தவர்கள், பிற்பாதி வெறும் கூத்து அன்று என்று வாதிடுகிறார்கள். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு.

ஆகவே, ஒரு படத்தைப் பற்றி நீங்கள் கருத்துச் சொல்லும்போது மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எதை எதிர்பார்த்துப் போனேன்? எந்த இடத்தில் என் மனம் படத்தோடு ஒட்டியது, எந்த இடத்தில் விலகியது? அப்படி நடந்ததற்குக் காரணம் படத்திலா, என்னிடத்திலா? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடிந்தால் உங்கள் கருத்துக்கு மதிப்பு உண்டு. பள்ளியில் படிக்கும் பிள்ளை "படம் நல்லா இல்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "எந்த இடம், ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லப் பழகிய பிள்ளை, கட்டுரை எழுதும்போதும் தடுமாறாது. நாளைக்கு வேலைத் தலத்தில் தன் நியாயத்தை எடுத்துச் சொல்லவும் தயங்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தப் படம் சிறுவருக்கு உரியது அன்று. பிரிட்டனில் 18 வயதுக்குட்பட்டோருக்கு இது தடை செய்யப்பட்ட படம். அமெரிக்காவில் 17 வயது நிரம்பாதவர் பெரியவர் துணையின்றித் திரையரங்கில் பார்க்கக் கூடாது என்ற பிரிவில் வைக்கப்பட்டது. நம்மில் பலர், "பேய்ப் படமா? அப்படியென்றால் பிள்ளை இரவில் பயப்படுவான்" என்று மட்டும் பார்க்கிறோம். பேய் இல்லாத படம் என்றால் கவலையின்றி விட்டுவிடுகிறோம். அந்த அளவுகோல் போதாது. காட்டேரியைக் கண்ட பயம் விளக்கைப் போட்டால் போய்விடும். மனிதன் மனிதனை வதைப்பதைப் பார்த்து, அது சர்வசாதாரணம் என்று பிள்ளை எண்ணிவிட்டால், அந்த எண்ணம் எளிதில் போகாது. அதனால் படத்தில் பேய் உண்டா என்று கேட்பதோடு நிற்காமல், அதில் மனிதர் மனிதரை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் கேட்டறியுங்கள். வயதுக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் தோட்டப்புறங்களில் காட்டேரி அம்மனைக் காவல் தெய்வமாக வணங்கும் குடும்பங்கள் உண்டு. திரையில் வரும் இரத்தக் காட்டேரி அதுவன்று. அது மேனாட்டுக் கதைகளில் பிறந்த வேறொரு கற்பனை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாதபடி எடுத்துச் சொல்வது பெரியவர்களின் கடமை.

ஒரே படத்துக்கு இரண்டு தீர்ப்பு வருவதில் குற்றமில்லை. காரணத்தோடு சொல்லப்படும்போது அவை இரண்டுமே நமக்குப் பாடம். அடுத்த முறை குடும்பத்தோடு ஒரு படம் பார்த்தால், உடனே எழுந்து போய்விடாமல் ஒரு கால்மணி நேரம் அமர்ந்து பேசிப் பாருங்கள். படத்தைவிட அந்தப் பேச்சு சுவையாக இருக்கவும் கூடும்.