பில் போடுபவரும் அப்ரூவ் செய்பவரும்

ஆபீஸில் என் பயணச் செலவு பில்லை நானே அப்ரூவ் செய்ய முடியாது. சாஃப்ட்வேரே விடாது. 2017 ஜூலையில் நம்ம விவசாயிகள் வறட்சி நிவாரணம் கேட்டு டெல்லியில் உட்கார்ந்திருந்த நேரம், தமிழக எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் படிகளோடு சேர்த்து 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆகிறது என்று சட்டசபையில் அறிவித்தார்கள். தொகையை விடுங்க, நல்ல சம்பளம் கொடுக்கணும்னுதான் நானும் சொல்வேன். வாங்குறவரே முடிவும் பண்றார், அதுதான் கோளாறு.

பிரிட்டனில் 2009இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு பத்திரிகையில் வெளியாகி நாறியது. ஒருவர் குளத்து வாத்துகளுக்கு வீடு வைக்க 1,645 பவுண்டு கேட்டிருந்தார்! (கொடுக்கவில்லை.) அதே வருஷம் சட்டம் போட்டு, செலவை அனுமதிக்கும் வேலையைத் தனி ஆணையத்திடம் கொடுத்தார்கள். 2011 முதல் சம்பளத்தையும் அதுதான் நிர்ணயிக்கிறது. எந்த எம்.பி. எதற்கு எவ்வளவு வாங்கினார் என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

நம்ம நாடாளுமன்றம் 2018இல் பாதி தூரம் வந்தது. எம்.பி. சம்பளம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி தானாகவே ஏறும். தொகுதிப் படி மட்டும் இன்னும் மாதாமாதம் மொத்தத் தொகையாகத்தான் போகிறது.

மாநிலத்தில் இதைச் சரிசெய்ய அரசியலமைப்புத் திருத்தமெல்லாம் வேண்டாம். 195வது பிரிவின்படி, எம்.எல்.ஏ. சம்பளம் சட்டசபை இயற்றும் சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது. தனி ஆணையம் அமைக்க ஒரு மசோதா போதும். அதற்கும் அவங்கதான் ஓட்டுப் போடணும்.