அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷனா? டாக்டர் பெயருக்குப் பின்னால் இருக்கும் 'ஃபெல்லோஷிப்' என்ன சொல்கிறது?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதான். மலையைச் சுற்றி சுமார் 14 கிலோமீட்டர், வெறுங்கால் நடை. 25 வயசுக்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். நம்ம அம்மா, ஆயா வயதில் இருப்பவர்களில் பலர் பாதி வழியிலேயே ஓரமாக உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். "போன வருஷம் முழுசா சுத்தினேன், இந்த வருஷம் முடியலடா" என்பது அங்கே சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

தைலம், பெல்ட், மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் ஒருநாள் எக்ஸ்-ரேவைப் பார்த்த டாக்டர், "குருத்தெலும்பு முழுசா தேஞ்சுபோச்சு, முட்டியை மாத்திடலாம்" என்கிறார். அன்று ராத்திரி போனை எடுத்து அந்த டாக்டரின் பெயரைத் தேடப்போவது வீட்டில் நீங்கள்தான்.

எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். ஆர்த்தோ வரைக்கும் புரிகிறது. அதற்குப் பிறகு 'ஃபெல்லோஷிப் இன் ஜாயின்ட் ரீப்ளேஸ்மென்ட்' என்று ஒன்று வரும். ஒருத்தருக்கு அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி, இன்னொருத்தருக்கு கொரியா. இதில் எது நிஜமான பயிற்சி, எது சுவரில் மாட்டுகிற சர்டிஃபிகேட் மட்டும்? அம்மாவின் கால் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

எம்.எஸ். முடிச்சவருக்கு இன்னும் என்ன படிப்பு?

நம்ம ஊரில் எலும்பு மூட்டு டாக்டர் ஆவதற்கு எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், அதன்மேல் எம்.எஸ். அல்லது டி.என்.பி. மூணு வருஷம். நடுவில் நீட் பி.ஜி. தேர்வுக்குத் தயாராகும் காலம் தனி. உங்களோடு பிளஸ் டூ படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்த நண்பர் யாராவது இருந்தால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் ரெண்டு கம்பெனி மாறியிருப்பீர்கள், அவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த மூணு வருஷ எம்.எஸ்.ஸில் மூட்டு மாற்று சிகிச்சை என்பது ஒரு பகுதி மட்டுமே. பைக் விபத்தில் உடைந்த எலும்பு, குழந்தைகளின் வளைந்த பாதம், முதுகுத்தண்டு, கை, எலும்புக் கட்டி, எலும்பில் சீழ் என எல்லாவற்றையும் கற்றாக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி என்றால் விபத்து கேஸ்களே பெரும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். எம்.எஸ். முடிக்கிறவர் எலும்பு முறிவில் கை தேர்ந்திருப்பார். முட்டி மாற்று ஆபரேஷனில் எத்தனை முறை கத்தியைத் தானே பிடித்திருப்பார் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபெல்லோஷிப்.

கதவுக் கீல் கணக்கு

"ஒரு ஆபரேஷனுக்கு எதுக்குத் தனியா ஒரு வருஷம்?" என்று தோன்றலாம். முதலில் ஒரு விஷயம். முட்டி மாற்று என்றால் முட்டியை மொத்தமாக எடுத்துவிட்டு வேறு வைப்பது இல்லை. தொடை எலும்பின் கீழ் முனையிலும், கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்த பரப்பை சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்துவிட்டு, உலோக உறை போடுகிறார்கள். பல்லுக்கு கேப் போடுகிற மாதிரி. இரண்டுக்கும் நடுவில் குருத்தெலும்பு வேலையைச் செய்ய உறுதியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்.

உறை போடுவது பாதி வேலைதான். சுற்றியிருக்கும் தசைநார்களின் இழுவிசை சரியாக இருக்க வேண்டும். காலை நீட்டும்போதும் மடக்கும்போதும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடைவெளி சமமாக வர வேண்டும். தச்சர் கதவுக்குக் கீல் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீல் லேசாகத் தள்ளிப் போனாலும் கதவு மூடும், ஆனால் கீழே உரசும், ஒருநாள் கீலே பிடுங்கிக்கொள்ளும். முட்டியும் அப்படித்தான். இறுக்கமாக வைத்தால் மடங்காது, லூசாக வைத்தால் ஆடும். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வருவதிலிருந்து மூணு டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது பல காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு.

அதிலும் நம்ம ஊரில் பலர் வலியைத் தாங்கித் தாங்கி, கால் வில் மாதிரி வளைந்த பிறகுதான் ஆபரேஷனுக்கு வருகிறார்கள். நேராக இருக்கும் காலில் ஆபரேஷன் செய்வதும், பல வருஷம் வளைந்தே நடந்த காலை நிமிர்த்திச் செய்வதும் ஒன்றில்லை. இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்று, விரலால் அழுத்திப் பார்த்து, "இங்க இன்னும் கொஞ்சம் தளர்த்தணும்" என்று சீனியர் சொல்லச் சொல்ல வரும் கை அது.

"கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் தரேன்!"

இந்தக் கட்டாயத்தை முதலில் உணர்ந்தவர் இங்கிலாந்தின் சர் ஜான் சார்ன்லி. இன்றைய இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் தந்தை. ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்த அவர், முதலில் டெஃப்லானில் மூட்டுக் கிண்ணம் செய்து சுமார் 300 பேருக்கு வைத்தார். சில வருஷங்களிலேயே அது தேய்ந்துபோனது. நோயாளிகள் வலியோடு திரும்பி வந்தார்கள். 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் வெற்றி கிடைத்தது.

அந்தத் தோல்வி அவரை எச்சரிக்கையாக்கிவிட்டது. மூட்டு வெற்றி பெற்ற பிறகும், தன்னிடம் வந்து முறையாகக் கற்றுக்கொண்ட சர்ஜன்களுக்கு மட்டுமே அதை விற்கும்படி பல வருஷங்கள் தயாரிப்பாளரிடம் கட்டுப்பாடு வைத்திருந்தார். பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வைக்கிற கை சரியில்லை என்றால் பயனில்லை என்பதுதான் அவர் கணக்கு. இன்றைய ஃபெல்லோஷிப்பின் அடிப்படை யோசனையும் அதுவேதான்.

முட்டியின் கதையில் ஒரு இந்தியரும் உண்டு. 1970-களில் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவோடு சேர்ந்து இன்றைய முட்டி மூட்டின் முன்னோடி வடிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், இந்தூரில் மருத்துவம் படித்த சித்தரஞ்சன் ரணாவத். 2000, 2001 ஆண்டுகளில் பிரதமர் வாஜ்பாயின் இரண்டு முட்டிகளையும் மும்பையில் மாற்றியவரும் அவர்தான்.

அந்த ஒரு வருஷத்தில் என்ன நடக்கும்?

முழுநேர ஃபெல்லோஷிப் என்றால், எம்.எஸ். முடித்த ஒரு டாக்டர் மூட்டு மாற்று சிகிச்சை அதிகம் நடக்கும் ஒரு மருத்துவமனையில் சீனியருக்குக் கீழே இருப்பது. முதலில் பார்ப்பார், பிறகு உதவுவார், பிறகு ஆபரேஷனின் ஒரு பகுதியை மட்டும் செய்வார். கடைசியில் சீனியர் எதிரே நிற்க, முழு ஆபரேஷனையும் தானே செய்வார். ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறும்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கற்பதும் அதே அளவுக்கு முக்கியம். முதல் நாளே எக்ஸ்-ரேவில் அளவெடுத்துத் திட்டம் போடுவது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரை "இப்போ வேண்டாம்மா, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புவது, ரத்தக்கட்டு வராமல் தடுப்பது, தொற்று வந்தால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எல்லாமே பாடம்.

கடினமான பாடம் 'ரிவிஷன்'. அதாவது ஏற்கெனவே வைத்த மூட்டு தளர்ந்தோ, சீழ் பிடித்தோ போனால் அதை எடுத்துவிட்டு வேறு வைப்பது. எலும்பு கரைந்திருக்கும், பழைய சிமென்ட்டைப் பெயர்க்க வேண்டும். பத்து ரிவிஷனில் கூட நின்றவருக்கு, முதல் ஆபரேஷனில் எந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று நன்றாகத் தெரிந்துவிடும்.

எல்லா ஃபெல்லோஷிப்பும் ஒண்ணு இல்லை!

இங்கேதான் உங்கள் கூகுள் தேடல் தடுமாறும். ஒரே 'ஃபெல்லோஷிப்' என்ற சொல்லுக்குள் பல வகை இருக்கிறது.

* எஃப்.என்.பி.: மருத்துவ அறிவியலுக்கான தேசியத் தேர்வு வாரியம் நடத்துவது. நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, கடைசியில் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும். இதில் மூட்டு மாற்றுக்கான பிரிவின் பெயர் ஆர்த்ரோபிளாஸ்டி.
* மருத்துவமனை, பல்கலைக்கழக ஃபெல்லோஷிப்: பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். கோவை கங்கா போன்ற பெரிய எலும்பு சிகிச்சை மையங்கள் நடத்துபவை இந்த வகை.
* வெளிநாட்டு ஃபெல்லோஷிப்: ஒரு வருஷம் அங்கேயே தங்கி ஆபரேஷன் செய்து கற்பதும் உண்டு, ரெண்டு வாரம் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவதும் உண்டு. நாட்டின் பெயரைப் பார்க்காமல் கால அளவைப் பாருங்கள்.
* வாரக்கடைசிப் பயிற்சி முகாம்: புதுக் கருவிகளையும் உத்திகளையும் பழக நல்லது. ஆனால் இதையும் வருஷக்கணக்கில் எடுத்த பயிற்சியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அதேநேரம், ஃபெல்லோஷிப் இல்லாத டாக்டர் என்றால் வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இன்றைய சீனியர்களில் பலர் இப்படிப்பட்ட படிப்புகள் பரவலாவதற்கு முன்பே, பெரிய டாக்டர்களுக்குக் கீழே வருஷக்கணக்கில் வேலை பார்த்துக் கற்றவர்கள். அவர்களிடம் ஃபெல்லோஷிப் படித்தவர்கள்தான் இப்போது பலர்!

பௌர்ணமிக்கு ஒண்ணு போதுமா?

சர்டிஃபிகேட்டைவிடப் பெரிய தடயம் எண்ணிக்கை. நியூயார்க் மாகாணத்தின் முட்டி மாற்று ஆபரேஷன்களை வைத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, சர்ஜன்களை வருஷத்துக்கு எத்தனை செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. 12 வரை, 13 முதல் 59, 60 முதல் 145, 146-க்கு மேல் என நான்கு பிரிவுகள். எண்ணிக்கை குறைந்த பிரிவில் சிக்கல்கள் அதிகம், கூடக்கூடக் குறைவு.

வருஷத்துக்கு 12 என்றால் பௌர்ணமிக்கு ஒண்ணு கணக்கு. கை பழக அது போதாது என்பதே அதன் சுருக்கம். இது அமெரிக்கக் கணக்கு, நம்ம ஊருக்கு அப்படியே ஒட்டாது என்றாலும், அடிக்கடி செய்கிற கைக்கே பிசகு குறைவு என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

"ரோபோ இருக்கு, அதனால கவலை இல்லை" என்ற விளம்பரத்தையும் இதோடு சேர்த்தே படியுங்கள். ரோபோ துல்லியமாக வெட்ட உதவும். எங்கே, எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்வது டாக்டர்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

கேட்டால் கோபப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். பணிவாகக் கேட்டால் நல்ல டாக்டர் பதில் சொல்வார்.

1. ஆபரேஷன் இப்போதே அவசியமா? எடைக் குறைப்பு, பிசியோதெரபியால் தள்ளிப்போட முடியுமா?
2. இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?
3. மூட்டு மாற்றில் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தீர்கள்?
4. அன்றைக்குக் கத்தி பிடிக்கப்போவது நீங்களா, வெளியிலிருந்து வரும் சர்ஜனா? அவர் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?
5. சிக்கல் வந்தால் ரிவிஷன் இங்கேயே செய்வீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா?
6. அம்மா தரையில் உட்காரலாமா, எவ்வளவு தூரம் நடக்கலாம்?

நான்காவது கேள்வி நம்ம மாதிரி ஊர்களுக்கு ரொம்ப முக்கியம். வேலூர், புதுச்சேரி, சென்னை என்று அலைய முடியாத குடும்பங்களுக்கு, வெளியூர் சர்ஜன் இங்கே வந்து செய்துவிட்டுப் போவது வசதிதான். ஆனால் மூணாம் நாள் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது கேள்வியை அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 2019-ல் வெளியான ஆய்வின்படி, மாற்றிய முட்டிகளில் சுமார் 82 சதவிகிதம் 25 வருஷம் வரை தாக்குப்பிடிக்கின்றன. ஆனாலும் ஐந்தில் ஒருவர் வரை ஆபரேஷனுக்குப் பிறகு முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பிறந்தபோது இருந்த முட்டி திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் இதற்கு ஒரு காரணம்.

காசு விஷயம்

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி மூட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வைத்த விலை 54,720 ரூபாய், வரி தனி. அது மூட்டின் விலை மட்டும். தியேட்டர், ரூம், டாக்டர் கட்டணம் எல்லாம் வேறு. அதனால் பில்லில் மூட்டின் பெயரையும் விலையையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மூட்டின் டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கர் ஃபைலில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 15 வருஷம் கழித்து ரிவிஷன் தேவைப்பட்டால், உள்ளே இருப்பது எந்த மூட்டு என்று அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கடன் வாங்குவதற்கு முன்னால், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று: ஆபரேஷன் தேதியை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். முட்டித் தேய்மானம் மாரடைப்பு மாதிரி நிமிஷக்கணக்கு நோய் இல்லை. இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது. அந்த ஒரு வாரத்தில் இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போய், பதில்களையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.