கடை தேடிய கொக்கோ

பண்டத்தை ஆக்குதல் எளிது. அதனைக் கொள்ளுங் கடையைத் தேடிக் காண்டல் அரிது. இங்கிலாந்து தேசத்துப் பேர்மிங்காம் நகரிலே இவ்வுண்மையைப் பட்டறிந்தோர் றிச்சட், ஜோர்ஜ் கட்பரி என்னுஞ் சகோதரர். 1861 இல் தந்தையாரின் நலிவுற்ற கொக்கோத் தொழிலை ஏற்று, தாய்வழி வந்த பொருளில் ஒவ்வொருவரும் 4,000 பவுண் இட்டனர். முதலாண்டுகளில் அம்முதல் கரைந்தது.

அவர்தம் விற்பனையாளர் ஊரூராகச் சென்று பலசரக்குக் கடைக்காரரைக் கண்டனர். ஆயினும், காட்டிய பண்டம் பிறருடையதைப் போன்றதே. அதில் ஐந்திலொரு பங்குதான் கொக்கோ. எஞ்சியன உருளைக்கிழங்கு மா, சவ்வரிசி, பாகு முதலியன. கொக்கோவின் மிகுந்த நெய்ப்பசையை அடக்கவே இக்கலப்பு வேண்டியிருந்தது.

ஜோர்ஜ் ஒல்லாந்து சென்று, அந்நெய்யைப் பிழிந்தெடுக்கும் பொறியொன்றை வாங்கிவந்தார். 1866 இல் கலப்பற்ற கொக்கோ வெளிவந்தது. பிரித்த நெய் சொக்லேற்றுச் செய்ய உதவிற்று. மாதிரிப் பொதிகள் மருத்துவரிடஞ் சென்றன. மருத்துவ இதழ்கள் பாராட்டின. கடைவாயிலில் நின்ற விற்பனையாளனுக்குச் சொல்லத்தக்க மெய்யொன்று கிடைத்தது. 1879 இல் அவர்கள் போன்வில்லில் புதிய தொழிற்சாலை அமைத்தனர்.

வள்ளுவர் வாணிகத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. இன்று சொக்லேற்றுப் பெட்டியுடன் கடை கடையாக ஏறியிறங்குஞ் சிறு தொழிலாளரும் இதனை உளங்கொள்க: நாவன்மையால் ஒருமுறை விற்கலாம், மறுமுறை கடைக்காரர் தாமே கேட்பது பண்டத்தின் தூய்மையாலேயே.