சிவப்புக் கோடு எங்கே மச்சி?

ஃபைனல் இயர் மக்களே, உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு கிராஃப் இருக்கும். எக்ஸ்பெரிமென்ட் ரிசல்ட் சிவப்புக் கோடு, சிமுலேஷன் ரிசல்ட் மஞ்சள் கோடு. ஸ்க்ரீனில் சூப்பரா இருக்கும். இங்க்ஜெட்டில் பிரின்ட் எடுத்தால், ரெண்டுமே மஞ்சள்! வைவாவில் எக்ஸ்டர்னல் ''இதுல எது எதுப்பா?''னு கேட்டால் சாஃப்ட்வேர் மேல பழி போடாதீங்க. பிரின்டருக்குள் பொதுவா சிவப்பு இங்க்கே கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால்தான் சிவப்பு. மெஜந்தா வர்ற ஓட்டை அடைச்சுக்கிட்டா, மிச்சம் மஞ்சள்தான்!

அந்தக் குட்டி ஓட்டைக்குப் பெயர் நாஸில். நூற்றுக்கணக்கான நாஸில்கள் சேர்ந்த கூட்டணிதான் பிரின்ட் ஹெட். பிரின்டர் வாங்கப் போனால் விலை கேட்போம், டிபிஐ கேட்போம். 'உள்ளே இருக்கிறது என்ன ஹெட்?'னு மட்டும் கேட்கவே மாட்டோம். ஆனா, பிரின்ட் தரத்தில் பாதிக் கதை அங்கேதான் இருக்கு!

கொதிக்க வைக்கிற கட்சி

1977-ல் ஜப்பானின் கேனான் ஆராய்ச்சிக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக இங்க் நிரப்பிய சிரிஞ்ச் ஊசியில் பட்டது. ஊசி முனையிலிருந்து இங்க் பீறிட்டது. 'அட!' என்று அதைப் பிடித்துக்கொண்டவர் இச்சிரோ எண்டோ. அதிலிருந்து பிறந்ததுதான் பபுள்ஜெட். எச்.பி.யும் தனியாக இதே ரூட்டைப் பிடித்து, 1984-ல் திங்க்ஜெட் பிரின்டரை இறக்கியது. அதன் ஹெட்டில் இருந்தது வெறும் 12 நாஸில்!

விஷயம் சிம்பிள். நாஸிலுக்குப் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர். கண் இமைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே, சில மைக்ரோ செகண்டில், அது சுமார் 300 டிகிரிக்குப் போகும். இங்க்கில் ஒரு நீராவிக் குமிழ் கிளம்பும். குமிழ் தள்ளுற தள்ளுல ஒரு துளி வெளியே பாயும். இதுதான் தெர்மல் ஹெட்.

அமுக்குற கட்சி

எப்சன் வேற ரூட். மின்சாரம் கொடுத்தால் வளைகிற ஒரு வகை பீங்கானை வைத்து இங்க்கை அமுக்கித் தள்ளுவது. இதுக்குப் பெயர் பீஸோ. 1993-ல் வந்த ஸ்டைலஸ் 800 இந்த டைப்தான். இங்கே சூடே கிடையாது என்பதால் பல வகை இங்க் ஓடும். தெருமுனை ஃப்ளெக்ஸ் பேனர் முதல் திருப்பூரில் துணி மேல் அடிக்கிற டிஜிட்டல் டிசைன் வரை பீஸோ ஹெட்டின் ராஜ்யம்தான்.

இன்னொரு ப்ளஸ்: கொடுக்கிற வோல்டேஜை மாற்றினால், ஒரே நாஸில் சின்னத் துளியும் போடும், பெரிய துளியும் போடும். முகத்தின் வெளிர் நிறத்துக்குச் சின்னது, பேக்ரவுண்டுக்குப் பெரியது. தெர்மலில் குமிழ் வந்தால் வந்ததுதான், பாதி வராது. அதனால் ஒரே ஹெட்டில் சின்ன நாஸில், பெரிய நாஸில் என்று தனித்தனியாக வைத்துச் சமாளிக்கிறார்கள்.

துளியில் இருக்கு சூட்சுமம்

நல்ல போட்டோ பிரின்டரின் துளி 2 பிகோலிட்டர், சிலவற்றில் 1. சொட்டு மருந்து பாட்டிலில் விழும் ஒரே ஒரு சொட்டை இப்படிப் பிரித்தால், சுமார் 2.5 கோடி துளி கிடைக்கும்! துளி பெருசா இருந்தால் போட்டோவில் முகம் புள்ளி புள்ளியா மணல் கொட்டின மாதிரி தெரியும்.

இப்போ அட்டைப்பெட்டியில் '4800 டிபிஐ'னு போட்டிருக்கும் விளம்பரத்தைப் பாருங்க. ஒரு இன்ச்சை 4800-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு சுமார் 5 மைக்ரான். ஆனால், 2 பிகோலிட்டர் துளியே 15 மைக்ரான் அகலம். பேப்பரில் விழுந்தால் இன்னும் பரவும். அப்புறம் எப்படி 4800 தனித்தனிப் புள்ளி? அது, துளியை எவ்வளவு நுணுக்கமா இடம் பார்த்துப் போட முடியும்கிற கணக்கு. அவ்வளவுதான்! அடுத்த தடவை கடையில் டிபிஐயோட சேர்த்து, துளி எத்தனை பிகோலிட்டர்னும் கேளுங்க.

உங்களோடது எந்த டைப்?

கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பாருங்க. அடியில் நாஸில் தகடும், முதுகில் செம்புப் புள்ளிகளும் இருந்தால் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கு. அது தெர்மல். புது கார்ட்ரிட்ஜ் போட்டால் ஹெட்டும் புதுசு. ரீஃபில் பண்ணலாம், ஆனால் சாகாவரம் கிடையாது. ஹீட்டர் மேல் இங்க் தீய்ந்து படிந்து, துளி மெலிஞ்சுக்கிட்டே வரும். இங்க் சுத்தமா தீர்ந்த பிறகும் அடிச்சுத் தள்ளினால், குளிர்விக்க இங்க் இல்லாமல் ஹீட்டரே காலி.

பீஸோ ஹெட் பெரும்பாலும் பிரின்டரோடேயே ஃபிக்ஸ் ஆகி இருக்கும். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் இங்க் காய்ந்தாலோ, காற்றுக் குமிழ் புகுந்தாலோ ஹெட் அமுக்கினாலும் துளி வராது. மாற்றுவது காஸ்ட்லி.

ரெண்டு டைப்புக்கும் பொதுவான டிப்ஸ்:

* செமஸ்டர் லீவில் மாசக்கணக்கில் தூங்க விடாதீங்க. வாரம் ஒரு கலர் பக்கம் அடிங்க.

* பிளக்கைப் பிடுங்காதீங்க. பிரின்டரின் சுவிட்சிலேயே அணைச்சால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்கும். மூடாத ஹெட் சீக்கிரம் காய்ஞ்சிடும்.

* ஹெட் கிளீனிங்கை விடாமல் பத்து தடவை ஓட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்கின இங்க்தான் வேஸ்ட் பேடுக்குப் போகுது. ரெண்டு மூணு தடவைக்குச் சரியாகலேன்னா, ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில் பாருங்க.

* வெள்ளைக் கோடு விழுதா? 'டிராஃப்ட்' மோடை மாற்றி 'ஹை'யில் போடுங்க. ஒரே இடத்தை ஹெட் பல தடவை கடக்கும். அடைச்ச நாஸில் விட்ட இடத்தை இன்னொரு நாஸில் நிரப்பிடும்.

எல்லாத்துக்கும் மேல, 80 பக்க ரிப்போர்ட்டுக்கு 'ஓகே' கொடுக்கும் முன்னாடி ஒரே ஒரு பேப்பரில் நாஸில் செக் அடிச்சுப் பாருங்க. எல்லா கலர் கோடும் உடையாமல் வந்தால் தைரியமா இறங்கலாம். கைடுகிட்ட கையெழுத்து வாங்கும் முன்னாடி, நாஸில்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க!