தோள் எங்கண்ணே போச்சு?

இன்னைக்கு ஒரு போட்டோவுல இருந்து ஆரம்பிக்கலாம்.

2022 நவம்பர் 19. கத்தார் உலகக் கோப்பை தொடங்க ஒரு நாள்தான் பாக்கி. அன்னைக்குத்தான் மெஸ்ஸியும் ரொனால்டோவும் எதிரெதிரே உட்கார்ந்து செஸ் ஆடுற படம் வந்துச்சு. லூயி வித்தோன் விளம்பரம், எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். செஸ் போர்டுன்னு நாம நினைச்சது அந்த கம்பெனியோட கட்டம் போட்ட பெட்டி. காய்கள் நின்ன நிலை 2017ல கார்ல்சனும் நகமுராவும் ஆடின ஒரு ஆட்டத்துல இருந்து எடுத்தது. இவ்வளவு யோசிச்சு எடுத்த படத்துல, ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கவே இல்ல! தனித்தனியா எடுத்து ஒட்டினதுதான்.

ஒட்டுறது போட்டோஷாப் வேலைதானேன்னு தோணும். கஷ்டம் அங்க இல்ல. ரெண்டு ஷூட்லயும் கேமரா உயரம், லென்ஸ், தூரம், லைட் வர்ற திசை எல்லாம் ஒண்ணா இருக்கணும். ஒருத்தர் மூக்கு நிழல் இடப்பக்கமும் இன்னொருத்தர் நிழல் கீழேயும் விழுந்தா, காரணம் தெரியாட்டியும் நம்ம கண்ணு "ஏதோ சரியில்ல"ன்னு சொல்லிடும்.

ஆனா அந்த ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. ஓடுற, குதிக்கிற உடம்பை ஃபேஷன் துணியில படம் எடுக்கணும்னா ரெண்டு புதுப் பிரச்சனை வரும்.

முதல்ல அளவு. பெரிய டிசைனர்கள் ஷூட்டுக்கு அனுப்புற சாம்பிள் பெரும்பாலும் ஒரே அளவுல தைச்சது, ஒல்லியான மாடலுக்கானது. வாலிபால் ஆடுற பொண்ணோட தோளும் சைக்கிள் ஓட்டுறவங்க தொடையும் அதுக்குள்ள போகாது. முதுகுப் பக்கம் கிளிப் போட்டு, தையலைப் பிரிச்சு சமாளிப்பாங்க. ஸ்டூடியோவுல அது கேமராவுக்குத் தெரியாது. வெளியில தெரியும். 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. நம்ம சரத் கமலும் சிந்துவும் கொடி பிடிச்சாங்க. தருண் தஹிலியானியோட தஸ்வா தந்த உடை. பிளவுஸ் சரியா பொருந்தலன்னு ஜ்வாலா கட்டா வெளிப்படையாவே சொன்னாங்க. இக்கத் மாதிரி பிரிண்ட் போட்டதுக்கும் நிறைய பேர் கோபப்பட்டாங்க. நெசவு இவ்வளவு இருக்கிற நாட்டுல பிரிண்ட் எதுக்குங்கிறதுதான் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான், திண்டுக்கல்காரனா இருந்துட்டு கேட்காம இருக்க முடியுமா?

அடுத்தது வேகம். கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. ஸ்பைக் அடிக்கிற கை நொடிக்கு 10 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சுக்கோங்க. ஃப்ளாஷோட சேர்ந்து வேலை செய்யணும்னா பெரும்பாலான கேமராவுல ஷட்டர் 1/200 நொடி அளவுல நின்னுடும். அந்த நேரத்துல கை 5 சென்டிமீட்டர் நகர்ந்துடும். படத்துல விரல் புகை மாதிரி இருக்கும். அதனால ரூமை இருட்டாக்கி, ஷட்டரை நம்பாம ஃப்ளாஷை நம்புவாங்க. ஃப்ளாஷ் 1/5000 நொடிதான் எரியுதுன்னா கை நகர்றது 2 மில்லிமீட்டர். அவ்வளவுதான், உறைஞ்சு நிக்கும். நவீன ஃப்ளாஷ் பலதுல பவரைக் குறைச்சா எரியுற நேரமும் குறையும். அதனால ஒரு பெரிய வெடிப்புக்குப் பதிலா குறைஞ்ச பவர்ல ரெண்டு மூணு ஃப்ளாஷ் வைக்கிறது நல்லது.

இதையெல்லாம் நான் படிச்சதுக்குக் காரணம் என் சித்தி பொண்ணு. வாலிபால் ஆடுவா. ஒரு பாராட்டு விழா பேனருக்காக ஊர்ல ஒரு ஸ்டூடியோவுல பட்டுப்புடவையில படம் எடுத்தாங்க. முன்னாடி இருந்து ரெண்டு பக்கமும் குடை லைட், கல்யாண ஆல்பத்துக்கு வைக்கிற அதே லைட். அப்புறம் தோலை மெழுகிட்டாங்க, தோளைக் குறுக்கிட்டாங்க. பேனரைப் பார்த்துட்டு அவ கேட்டது ஒண்ணுதான்: "தோள் எங்கண்ணே போச்சு?"

அஞ்சு வருஷம் பயிற்சி எடுத்து வந்த தோள் அது.

சரி, நாமளே எடுப்போம்னு இறங்கினோம். சின்னாளபட்டியில சுங்குடித் துணி வாங்கினோம். துணியை நகத்தால கிள்ளி, நூலால சுத்தி முடிஞ்சு, சாயத்துல முக்கி, பிரிச்சா புள்ளி வரும். கையால முடிஞ்ச சுங்குடியில ஒவ்வொரு புள்ளியும் லேசா புடைச்சு நிக்கும். பக்கத்துத் தெரு டெய்லர் அவளுக்கு அளவெடுத்து, தோள் தாராளமா வர்ற மாதிரி கையில்லாத சட்டை தைச்சுக் கொடுத்தார்.

லைட்ல முதல்ல நான் தப்பு பண்ணேன். பெரிய சாஃப்ட்பாக்ஸை நேர் எதிர்ல வச்சேன். துணி பிரிண்ட் மாதிரி தட்டையா தெரிஞ்சுது, தோளும் தட்டை. மேடு பள்ளம் தெரியணும்னா அதுக்கு நிழல் வேணும். லைட்டைப் பக்கவாட்டுல, கிட்டத்தட்ட அவ தோளுக்கு நேரா நகர்த்தினேன். புள்ளியோட புடைப்பும் தெரிஞ்சுது, தோள் தசையோட கோடும் தெரிஞ்சுது. ரெண்டுக்கும் ஒரே லைட் போதும்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

நாப்பது தடவை குதிச்சா. முகமும் கையும் துணியும் ஒண்ணா அமைஞ்சது மூணு படத்துலதான். சித்திக்கு எதுவும் பிடிக்கல, "ஆம்பளப்புள்ள மாதிரி இருக்கு"ன்னாங்க. அவ அதுலயே தோள் ரொம்ப நல்லா தெரியுற படத்தை எடுத்து வாட்ஸ்அப் டிபியா வச்சுக்கிட்டா.