இடிந்து விழுந்தும் எழுந்து நிற்கும் கும்மட்டம்!

துருக்கி நாட்டில் பள்ளிக்கூட விடுமுறை வந்தால், குடும்பம் குடும்பமாக இஸ்தான்புல் நகருக்குப் புறப்பட்டு விடுவார்கள். அப்படிப் போகும் ஆயிரம் குடும்பங்களில் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு சிறு பெண், ஒரு பாட்டி. சொந்த ஊர் கொன்யா. அங்கிருந்து இஸ்தான்புல்லுக்கு அதிவேக ரெயில் ஓடுகிறது.

கடலுக்கு அடியில்...

இஸ்தான்புல் ஒரு விசித்திரமான ஊர். ஒரு பகுதி ஆசியாவில் இருக்கிறது. மறு பகுதி ஐரோப்பாவில் இருக்கிறது. நடுவே பாஸ்பரஸ் ஜலசந்தி ஓடுகிறது. கொன்யா ரெயில்கள் பல ஆசியக் கரையிலேயே இறக்கி விட்டுவிடும். அங்கே வேறு ரெயில் ஏற வேண்டும். அது கடலுக்கு அடியில் போகிறது! 2013-ம் ஆண்டு திறந்த பாதை அது.

மீன் தெரியுமா என்று பையன் ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்ப்பான். வெறும் இருட்டுதான் தெரியும். சற்று நேரத்தில் ஐரோப்பா வந்துவிடும்.

பாட்டியின் ஆசை

பாட்டி வந்தது ஒன்றே ஒன்றுக்காக. அயா சோபியாவில் தொழ வேண்டும்!

அவள் இளம் வயதில் வந்திருந்தால், அங்கே தொழுதிருக்க முடியாது. அப்போது அது அரும்பொருட் காட்சி சாலை. டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அந்தக் கட்டிடத்தின் கதையே தனிக் கதை. அதைக் கட்டியவர் ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி. கி.பி. 532-ல் மக்கள் கலகம் செய்து, அங்கே இருந்த பழைய மாதா கோவிலைக் கொளுத்தி விட்டார்கள். அதே இடத்தில், உலகமே வியக்கும்படி ஒரு கோவில் கட்ட ஜஸ்டீனியன் உத்தரவு போட்டார். கணக்கில் வல்லவர்களான ஆந்தெமியஸ், இசிடோர் என்ற இருவர் பொறுப்பு ஏற்றார்கள். ஆறு வருடம் முடிவதற்குள், 537-ல் கோவில் எழுந்து நின்றது.

1453-ல் சுல்தான் இரண்டாம் மெகமது ஊரைப் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 21. கோவில் மசூதி ஆயிற்று. 1935-ல் காட்சி சாலை ஆயிற்று. 2020-ல் மறுபடியும் மசூதி ஆக்கி விட்டார்கள். இதற்குக் கிரீஸ் நாடு எதிர்ப்புத் தெரிவித்தது. யுனெஸ்கோ வருத்தப்பட்டது. பாட்டியைப் போன்றவர்களோ ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

தொழ வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டுப் பயணிகள் 2024 முதல் பணம் கட்டி, மாடிப் பகுதியை மட்டும் பார்க்கிறார்கள். அங்கே சலவைக்கல் கைப்பிடிச் சுவரில் ஏதோ கிறுக்கி இருக்கிறது. வடதேசத்தில் இருந்து வந்த ஹாப்டான் என்ற வீரன் தன் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கிறுக்கல்! சுவரில் பெயர் எழுதும் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல.

கூரை விழுந்தது!

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். தலைக்கு மேலே சுமார் 180 அடி உயரத்தில், பிரமாண்டமான கும்மட்டம். அதன் அகலம் சுமார் 100 அடி. அடியில் சுற்றிலும் 40 ஜன்னல்கள். அவற்றின் வழியாக வெளிச்சம் பாயும்போது, கும்மட்டம் அந்தரத்தில் மிதப்பது போலத் தோன்றும்.

"இது விழாதா?" என்று சிறு பெண் கேட்பாள். நல்ல கேள்வி!

விழுந்தது. 558-ல் விழுந்தது. முதலில் கட்டிய கும்மட்டம் மிகவும் தட்டையானது. கவிழ்த்த கிண்ணத்தைவிடக் கவிழ்த்த தட்டு பக்கங்களை அதிகமாக வெளியே தள்ளும். சுவர்கள் மெல்லச் சாய்ந்தன. இரண்டு முறை பூமி அதிர்ச்சி வந்தது. கும்மட்டம் தடாலென்று சரிந்தது.

கட்டிய இசிடோரின் உறவினர் ஒருவரை அழைத்தார்கள். அவர் பெயரும் இசிடோர்தான். அவர் சுமார் 20 அடி உயர்த்தி, குடை மாதிரி வளைத்துக் கட்டினார். அதன் பிறகும் 989-ல் ஒரு பக்கம் விழுந்தது. 1346-ல் இன்னொரு பக்கம் விழுந்தது. ஒவ்வொரு முறையும் சளைக்காமல் எடுத்துக் கட்டினார்கள். 16-ம் நூற்றாண்டில், சினான் என்ற பெரிய சிற்பி வெளியே தடித்த முட்டுச் சுவர்களை எழுப்பினார். அவை இல்லாவிட்டால் பாட்டி இன்று எங்கே தொழுவாள்?

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. நகருக்குத் தெற்கே மர்மரா கடலின் அடியில் பூமியில் பெரிய பிளவு ஓடுகிறது. 1999-ல் அந்தப் பிளவு இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே அசைந்து 17 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 2025 ஏப்ரலிலும் நகரம் குலுங்கியது. மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கும்மட்டத்தைப் பழுது பார்த்துப் பலப்படுத்தும் வேலையும் அதே ஆண்டில் தொடங்கியது.

வாளி விட்டால் மீன்!

பையனுக்குப் பிடித்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. படி இறங்கினால் தரைக்கு அடியில் ஒரு குளம்! 336 தூண்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. ஜஸ்டீனியன் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் சேர்த்து வைத்த இடம். பின்னாளில் ஊராரே அதை மறந்து போனார்கள்.

16-ம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு அறிஞர் வந்தார். அந்தத் தெரு வீடுகளில் தரையில் துளை போட்டு, வாளி விட்டுத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். மீனும் பிடித்தார்கள்! அடியில் குளம் இருப்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது. இங்கும் தூண்களை உலோகக் கம்பிகளால் பிணைத்து, 2022-ல் மறுபடி திறந்தார்கள். எல்லாம் பூமி அதிர்ச்சிக்குப் பயந்துதான்.

எதிரே ஆறு மினார்கள் கொண்ட நீல மசூதி. சற்றுத் தள்ளி சுல்தான்களின் தோப்காபி அரண்மனை. செவ்வாய்க்கிழமை போனால் அரண்மனை பூட்டிக் கிடக்கும். அது தெரியாமல் போய்த் திரும்புகிற குடும்பங்கள் ஏராளம்.

மாலையில் ஐந்து பேரும் நீராவிப் படகுத் துறைக்கு வருவார்கள். இன்று ஓடுபவை டீசல் படகுகள். பெயர் மட்டும் பழையது. எள் தூவிய வளைய ரொட்டியைப் பிள்ளைகள் பிய்த்து வீச, கடற்பறவைகள் பறந்தபடியே கவ்வும். பாட்டிக்கோ கால் வலி. ஆனாலும், கும்மட்டம் மறையும் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.