இருவர் மட்டுமே மிஞ்சும்போது

லாஸ் வேகாஸ், 2003 மே. பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 839 பேருடன் தொடங்கிய உலக போக்கர் தொடரின் பிரதானப் போட்டியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சாம் ஃபார்ஹா. பெய்ரூட்டில் பிறந்தவர், பற்றவைக்காத சிகரெட்டுடன் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர். எதிரே டென்னஸி மாநிலத்தின் 27 வயதுக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் (புனைபெயர் அல்ல, குடும்பப் பெயரே அதுதான்). 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள போட்டிக்கு, 100 டாலருக்கும் குறைவான இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்து சேர்ந்தவர். இந்தியாவில் அந்த வழி அடைபட்டுவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்கவில்லை.

முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 13 லட்சம். பேசிப் பிரித்துக்கொள்ளலாமா என்று மணிமேக்கர் கேட்டுப் பார்த்தார். ஃபார்ஹா மறுத்துவிட்டார். ஒரு கற்றுக்குட்டியிடம் பங்கு கேட்க அவருக்கு அவசியம் தோன்றவில்லை.

இந்தக் கட்டத்தில் போக்கரின் கணக்கே மாறிவிடுகிறது. மேஜையில் ஒன்பது பேர் இருக்கும்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே லாபம். இன்னொருவர் தோற்று வெளியேறினால் தனக்கு ஒரு படி மேலான பரிசு. இருவர் மட்டும் என்றால் அந்தச் சலுகை கிடையாது. 13 லட்சம் இருவருக்குமே உறுதி. போட்டி மிச்சமுள்ள 12 லட்சத்துக்குத்தான். திறமை சமம் என்று வைத்துக்கொண்டால், சிப் எனப்படும் பந்தய வில்லைகளில் ஒருவருக்குள்ள பங்கே அவருடைய வெற்றி வாய்ப்பு. எட்டில் ஒரு பங்கு வைத்திருப்பவர் அடுத்தடுத்து மூன்று முறை இரட்டிப்பாக்க வேண்டும். வாய்ப்பு எட்டில் ஒன்று.

பெரிய குவியல் வைத்திருப்பவருக்கு அப்படியானால் என்ன பலம்? பலரும் நினைப்பதுபோல் எதிராளியைப் பணத்தால் நசுக்குவது அல்ல. எதிராளியிடம் உள்ளதற்கு மேல் யாராலும் பந்தயம் கட்ட முடியாது. ஆட்டத்தின் எல்லை சிறிய குவியல்தான். பெரியவரின் ஒரே அனுகூலம், தோற்றாலும் மறுபடி உட்காரலாம் என்பது. சிறியவருக்கு அது இல்லை. அவர் குவியல் கட்டாயப் பந்தயத்தைப் போல் பத்து மடங்குக்குக் கீழே போய்விட்டால் நுணுக்கங்களுக்கே இடமில்லை: மொத்தத்தையும் தள்ளு, அல்லது சீட்டைப் போடு. தள்ளுவதாக இருந்தால் முந்திக்கொள்வது நல்லது. எதிராளி பயந்து விலகினாலும் ஜெயம், விலகாவிட்டாலும் சீட்டு கை கொடுக்கலாம். காத்திருப்பவரைக் கட்டாயப் பந்தயமே தின்றுவிடும். இருவர் ஆட்டத்தில் இரண்டு கைக்கு ஒரு முறை பெரிய பந்தயம் கட்டியாக வேண்டும். ஜோடியாக வந்து விழும் சீட்டோ 17 கைக்கு ஒன்று.

ஹார்ஸ்ஷூவில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மேஜையில் மொத்தம் 83.9 லட்சம். முக்கியமான அந்தக் கைக்கு முன் மணிமேக்கரிடம் ஏறக்குறைய 46 லட்சம், ஃபார்ஹாவிடம் 37 லட்சம். மணிமேக்கரின் கையில் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் ஏழும். ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஆட்டின் ஒன்பதும். பொதுச் சீட்டுகளில் முதல் மூன்றிலேயே ஒன்பது விழுந்து ஃபார்ஹாவுக்கு உயர்ந்த ஜோடி அமைந்தது. நான்காவது சீட்டு இஸ்பேட் எட்டு. ஃபார்ஹா 3 லட்சம் கட்ட, மணிமேக்கர் எட்டாக ஏற்ற, ஃபார்ஹா ஈடு கட்டினார். ஐந்தாவதாக ஆட்டின் மூன்று. மணிமேக்கர் எதிர்பார்த்த தொடரும் இல்லை, ஐந்து இஸ்பேடும் இல்லை. கையில் ஒன்றுமே இல்லாமல் மொத்தத்தையும் தள்ளினார்.

ஃபார்ஹா நெடுநேரம் யோசித்தார். விலகினால் கையில் சுமார் 28 லட்சம் மிஞ்சும். அதாவது 34 சதவீத வாய்ப்பு. ஈடு கட்டி ஜெயித்தால் 75 லட்சம், 90 சதவீதம். தோற்றால் ஆட்டம் முடிந்தது. வகுத்துப் பார்த்தால், பத்தில் நான்கு முறை எதிராளி பொய்யாட்டம் ஆடுகிறார் என்று நம்பினாலே ஈடு கட்டுவது லாபம். ஃபார்ஹா அந்த அளவு நம்பவில்லை. சீட்டைப் போட்டார். அது கோழைத்தனம் என்று பிற்பாடு சொன்னவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அன்றைய ஆரம்பப் பந்தயங்கள் ஒரு லட்சத்தை ஒட்டியே இருந்தன. 28 லட்சத்தோடு, தன்னைவிடத் திறமை குறைந்தவர் என்று கருதும் ஒருவரை எதிர்த்துப் பொறுமையாக ஆட நிறையவே இடம் இருந்தது. 1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் இதே போட்டியில் ஒரே ஒரு வில்லையில் இருந்து மீண்டு பட்டம் வென்றிருக்கிறார்.

ஆனால் அந்தப் பொறுமை நீடிக்கவில்லை. கடைசிக் கையில் ஃபார்ஹாவிடம் ஜாக்கியும் பத்தும். மேஜையில் ஜாக்கி, ஐந்து, நான்கு. மறுபடியும் உயர்ந்த ஜோடி. குவியல் பெரிதாக இருந்தபோது ஒன்பது ஜோடியைப் போட்டுவிட்டவர், சிறிதானபின் ஜாக்கி ஜோடியை நம்பி மொத்தத்தையும் தள்ளினார். இந்த முறை மணிமேக்கர் பொய்யாடவில்லை. அவர் கையில் இருந்தவை ஐந்தும் நான்கும். இரண்டு ஜோடி. கடைசிச் சீட்டாக இன்னொரு ஐந்தும் விழுந்தது.